டுரான் டுரானின் ‘நொட்டோரியஸ்’: முழு அல்பத்தையும் கேட்க வேண்டுமா?

கிளிநொச்சியில் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிற்றார் வாசிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டுரான் டுரானின் ‘நொட்டோரியஸ்’ பாட்டைக் கேட்டேன், விட முடியவில்லை. அதே பெயரில் உள்ள அல்பத்தை எடுத்துப் போட்டால் பாதியில் சலித்துவிட்டது. மிச்சப் பாட்டுகளோடு மினக்கெடலாமா? பேஸ் பழகுகிறவனுக்கு அதில் என்ன இருக்கிறது? எங்கடை மேடைக்கு ஏதாவது எடுக்கலாமா?”

தம்பி, தாராளமாக மினக்கெடலாம். உங்களுக்குச் சலித்ததும் நியாயம்தான். பத்துப் பாட்டில் மூன்று நாலு மிகத் திறம், மூன்று நாலு பரவாயில்லை, மிச்சம் வந்து போகிறது. ஏற்றமும் இறக்கமும் உள்ள அல்பம் அது. ஆனால் நீங்கள் பேஸ் வாசிக்கிற ஆள் என்பதால் கணக்கு மாறுகிறது. மெட்டு தொய்கிற இடத்தில்கூட பேஸும் றம்ஸும் தொய்வதில்லை. பாட்டு நல்லதோ இல்லையோ, அடியில் ஓடுகிற அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போனால் கடைசிவரை சந்தோசமாகக் கேட்கலாம். நான் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறேன்.

இது ஏன் இப்படி ஏறியிறங்குகிறது என்று விளங்க வேண்டுமென்றால் அந்தக் குழு அப்போது இருந்த நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டுரான் டுரான் 1978 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் தொடங்கிய குழு. நிக் றோட்ஸ் கீபோர்ட், ஜோன் டெய்லர் பேஸ். பிறகு றம்ஸுக்கு ரொஜர் டெய்லர், கிற்றாருக்கு அண்டி டெய்லர், பாட சைமன் லெ பொன் என்று ஐந்து பேரானார்கள். மூன்று டெய்லர்களும் சொந்தக்காரர் அல்லர், பெயர்தான் ஒன்று. 1982 இல் வந்த ‘றியோ’ அல்பம் அவர்களை எங்கோ கொண்டுபோய் வைத்தது. மூஞ்சியும் உடுப்பும் வீடியோவும்தான் அவர்களிடம் உண்டு என்று சொன்னவர்கள் கனபேர். ஆனால் தொடக்கத்திலேயே அவர்கள் வைத்திருந்த எண்ணம் இசை பற்றியது: நியூயோர்க்கின் ஷீக் குழுவின் ஆட்டத் தாளமும், லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் முரட்டுத்தனமும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும்?

அந்த ஷீக் குழுவின் கிற்றார்காரர்தான் நைல் ரொஜர்ஸ். அதன் பேஸ்காரர் பேர்னார்ட் எட்வேர்ட்ஸ், ஜோன் டெய்லருக்குத் தெய்வம் மாதிரி. 1979 இல் வந்த ஷீக்கின் ‘குட் டைம்ஸ்’ பாட்டின் பேஸை ஒருக்கா வடிவாகக் கேளுங்கள். ராப் இசையை முதன்முதலாக ஊருக்கெல்லாம் கொண்டுபோன ‘ராப்பர்ஸ் டிலைட்’ அந்த பேஸின் மேலேதான் நிற்கிறது. அடுத்த வருடம் குயீன் குழு போட்ட ‘அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்’ பாட்டுக்கும் அதுதான் தூண்டுதல். பேஸ்காரர் ஒருவர் நாலு தந்தியில் வாசித்த வரி இத்தனை இடத்துக்குப் போயிருக்கிறது.

1984 இல் டுரான் டுரானின் ‘த ரிஃப்ளெக்ஸ்’ பாட்டை ரொஜர்ஸ் மறுகலவை செய்து கொடுக்க, அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடம் குழு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு வேலை செய்தது. ஜோனும் அண்டியும், பாடகர் றொபேர்ட் பாமரோடும் ஷீக்கின் றம்ஸ்காரர் டோனி தொம்சனோடும் சேர்ந்து பவர் ஸ்டேஷன் என்று ஒரு குழு அமைத்தார்கள். அதைத் தயாரித்தவர் பேர்னார்ட் எட்வேர்ட்ஸ். மற்ற மூவரும் ஆர்கேடியா என்ற பெயரில் கனவு மூட்டமான ஓர் அல்பம் போட்டார்கள். 1985 யூலையில் லைவ் எய்ட் நிகழ்ச்சிக்கு ஐந்து பேரும் ஒரே மேடையில் ஏறினார்கள். அதற்குப் பிறகு ஐவரும் சேர்ந்து மேடையேறப் பல வருடங்கள் எடுத்தன. ரொஜர் களைத்துப்போய் விலகி நாட்டுப்புறத்துக்குப் போனார். அண்டி அமெரிக்காவில் தனிவழி பார்த்தார். ‘நொட்டோரியஸ்’ வேலை அந்த நேரத்தில்தான் நடக்கிறது. சில பாட்டுகளில் அண்டியின் கிற்றார் உண்டு. சிலவற்றில் தயாரிப்பாளராக வந்த நைல் ரொஜர்ஸே வாசித்தார். சிலவற்றில் வொரன் குக்குருல்லோ என்ற புது ஆள். இவர் பிறகு குழுவிலேயே நிரந்தரமாகிவிட்டார். றம்ஸுக்கு அவரேஜ் வைட் பாண்ட் குழுவில் வாசித்த ஸ்டீவ் ஃபெரோன் வந்தார்.

அதாவது கிற்றார் என்ற ஒரு கதிரையில் மூன்று பேர் மாறி மாறி இருந்திருக்கிறார்கள். ஒரு பாட்டு கூர்மையாகவும் அடுத்தது மூட்டமாகவும் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் எண்ணம். பேஸும் பெரும்பாலும் றம்ஸும் மாறாமல் இருந்தன. ஆகவே அந்த அடித்தளம் மட்டும் அல்பம் முழுக்க ஒரே தரத்தில் நிற்கிறது.

சரி, இனி உங்கள் வேலைக்கு வருவோம். இந்த அல்பத்தின் அடித்தளம் ஃபங்க், அதாவது மெட்டைவிடத் தாளம் முந்தி நிற்கிற அமெரிக்கக் கறுப்பின ஆட்ட இசை. ஃபங்கின் உயிர் தாளத்தின் உடைப்பில் இருக்கிறது. நாலு அடி கொண்ட ஒரு சுற்றை எடுங்கள். ஒவ்வொரு அடியையும் நாலாக உடைத்தால் பதினாறு. ‘தகதிமி’ என்று நாலு தரம் சொல்லுங்கள், பதினாறும் வந்துவிடும். ரொஜர்ஸின் வலது கை இந்தப் பதினாறிலும் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. எது ஒலிக்க வேண்டும், எது ஒலிக்கக் கூடாது என்று முடிவெடுப்பது இடது கை. விரலை அழுத்தினால் கோர்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, ஒலிக்கும். அழுத்தத்தைத் தளர்த்தி, விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தால், சுரம் செத்து ‘சிக்’ என்ற உரசல் மட்டும் வரும். பதினாறில் நாலைந்துதான் முழுதாக ஒலிக்கும். மிச்சமெல்லாம் உரசலும் வெறுமையும். ஆறு தந்தியையும் சேர்த்து அவர் அடிப்பதில்லை. மேல் சுரத் தந்திகளில் மூன்று சுரக் கோர்ட்டைப் பிடித்துச் சின்னதாக வெட்டுவார். அதனால் கீழே பேஸுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

பேஸ்காரருக்கு முதல் அடிதான் வீடு. ஃபங்கின் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுண் தன் ஆட்களிடம் விடாமல் வற்புறுத்தியது அதைத்தான்: முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும், பிறகு அவரவர் விருப்பத்துக்கு அலையலாம், அடுத்த சுற்றின் முதல் அடிக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். டிஸ்கோவில் றம்ஸ்காரரின் கால் நாலு அடியிலும் ஒரேமாதிரி விழும். ஃபங்கில் கால் உடைந்து உடைந்து விழும். டுரான் டுரான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற குழு. ஆடுகிறவர்களுக்கு அடி தெளிவாக விழும், கேட்கிறவர்களுக்கு உள்ளே நுணுக்கம் இருக்கும். அந்த நடுநிலை கெடாமல் ஓடுவதுதான் இந்த அல்பத்தின் பெரிய வெற்றி.

தலைப்புப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரையே துண்டாக்கி ‘நோ நோ’ என்று குரல்கள் வெட்டி வெட்டித் தொடங்கும்போதே தாளம் உங்களுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. பிறகு பேஸ், றம்ஸ், கிற்றார் உரசல், ட்ரம்பெட் போன்ற பித்தளை ஊதுகருவிகளின் குத்தல் எல்லாம் ஒன்றின் இடைவெளியில் மற்றது நுழைகிற மாதிரி அமைந்திருக்கின்றன. இரண்டு கருவி ஒரே இடத்தில் முட்டுவது மிக அரிது. ஒருக்கா கிற்றாரை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு கேளுங்கள், அடுத்த தரம் பித்தளையை மட்டும், அதற்கடுத்த தரம் பேஸை மட்டும். ஒவ்வொன்றும் எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்று பாருங்கள். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடிக்கிற நல்ல கையை நீங்கள் பார்த்திருந்தால் இது உடனே விளங்கும். அவர் ஆடுகிறவரின் கால் விழ இடம் விட்டுத்தான் அடிப்பார். ஜோன் டெய்லரும் ஃபெரோனின் காலுக்கு இடம் விட்டுத்தான் விரலை வைக்கிறார். இந்தப் பாட்டு 1986 இறுதியில் வந்து அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை போனது, பிரிட்டனில் ஏழாம் இடம்.

மூன்றாவதாக வருகிற ‘ஸ்கின் ட்ரேட்’ என் கணக்கில் தலைப்புப் பாட்டையும் மிஞ்சியது. வேகம் குறைவு. லெ பொன் சரணத்தை முழுக்கக் கள்ளக்குரலில் பாடுகிறார். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பாடுகிறார் என்று அந்தக் காலத்தில் பலர் எண்ணியதில் ஆச்சரியமில்லை. பல்லவியில் சொந்தக் குரலுக்கு இறங்கும்போது பித்தளை சேர, பாட்டு அகலமாக விரிகிறது. மெதுவான வேகத்தில் ஃபங்க் வாசிப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடைவெளி பெரிதாகப் பெரிதாக விரல் அவசரப்படும். இந்தப் பாட்டில் அவசரமே இல்லை. பிரிட்டனில் 22, அமெரிக்காவில் 39 என்ற இடத்தோடு அது நின்றுபோனது எனக்கு இன்றைக்கும் பொறுக்காத விசயம். முந்தைய ஆரவாரமான டுரான் டுரானை எதிர்பார்த்த சனம், இந்த அடக்கத்துக்குத் தயாராக இருக்கவில்லை.

‘மீட் எல் பிரெசிடென்டே’ விளையாட்டான பாட்டு. பித்தளையும் பெண்குரல்களும் சேர்ந்து துள்ளும். ஆழம் தேட வேண்டாம், ஆடலாம். ‘அமெரிக்கன் சயன்ஸ்’ இருட்டான நடை, போகப் போகப் பிடிக்கும். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்கி வைக்கிற ‘வேர்ட்டிகோ’ பேஸ் பழகுகிறவர் தவறவிடக் கூடாதது. (தலைப்புப் பாட்டுக்கும் இதற்கும் ஹிட்ச்கொக் படங்களின் பெயர். ஒன்று 1946 இல் வந்த படம், மற்றது 1958.) கடைசிப் பாட்டான ‘புரொபொசிஷன்’ முரட்டுக் கிற்றாரும் பித்தளையுமாக அல்பத்தை நிமிர்த்தி முடித்து வைக்கிறது.

உங்களுக்குச் சலித்த இடங்களை ஊகிக்கிறேன்: ‘எ மேட்டர் ஒஃப் ஃபீலிங்’, ‘ஹோல்ட் மீ’, ‘சோ மிஸ்லெட்’, ‘வின்டர் மார்ச்சஸ் ஒன்’. முதலாவது அழகான மெதுபாட்டு, ஆனால் இரண்டு வருடம் முந்திய டுரான் டுரானுக்குரியது. கீபோர்ட் மூட்டம் தடித்துப்போய் பேஸை விழுங்குகிறது. ‘ஹோல்ட் மீ’ றொக்குக்கும் ஃபங்குக்கும் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறது. ‘சோ மிஸ்லெட்’ காதில் தங்குவதில்லை. ‘வின்டர் மார்ச்சஸ் ஒன்’ தனியே ஓர் இரவில் கேட்டால் நல்லாக இருக்கும், ஆட்டப் பாட்டுகளுக்கு நடுவில் வைத்ததால் வேகம் விழுந்துவிடுகிறது. இந்த நாலையும் ஒருக்கா பொறுத்துக் கேளுங்கள். எந்தக் கருவி எந்தக் கருவியின் இடத்தில் வந்து குந்திவிட்டது என்று காதால் தேடுங்கள். நல்ல பாட்டு ஏன் நல்லது என்பது, தொய்ந்த பாட்டைப் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போதுதான் வடிவாகப் பிடிபடும். எல்லாமே திறமான அல்பத்தில் இந்த வசதி கிடையாது. அல்பம் பிரிட்டனில் பதினாறாம் இடத்திலும் அமெரிக்காவில் பன்னிரண்டாம் இடத்திலும் நின்றது. முதலிடத்துக்குப் பழகிய குழுவுக்கு அது இறக்கம்தான். ஆனால் அதன் பேஸுக்கும் தாளத்துக்கும் வயது போகவில்லை. 1999 இல் ராப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் பெயரில் வந்த ராப் பாட்டு இந்தத் தலைப்புப் பாட்டை எடுத்துத்தான் கட்டப்பட்டது.

கேட்கிற முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போனின் ஸ்பீக்கரில் கேட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். வன்னிக்குள் கரண்ட் இல்லாமல் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் றேடியோவும் கசற்றும் கேட்டோம். சுற்றுகிற கை களைத்தால் வேகம் குறையும், பாடகரின் குரல் உருகி வழியும். உடனே பக்கத்தில் இருக்கிறவர் பெடலை வாங்குவார். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த கசற்றில் இந்தப் பாட்டும் அப்படித்தான் எங்களிடம் வந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிற்றார் உரசலும் குரலும் கேட்டன, பேஸ் கேட்கவே இல்லை. வருடங்கள் கழிந்து நல்ல ஹெட்போனில் கேட்டபோதுதான் பாட்டின் முக்கால்வாசி கீழே இருக்கிறது என்று தெரிந்தது. இன்றைய போன் ஸ்பீக்கரும் அந்தப் பழைய பெட்டி மாதிரித்தான், கீழ்ச் சுரங்களைத் தராது. கிளிநொச்சியிலேயே சாதாரண விலைக்கு வயர் ஹெட்போன் வாங்கலாம். புளூடூத் வேண்டாம். சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், கூட வாசிக்கும்போது குழப்பும்.

இதற்குப் பிறகு என்ன கேட்கலாம்? ‘குட் டைம்ஸ்’ உள்ள ஷீக்கின் ‘றிஸ்கே’ அல்பம், 1979. டேவிட் போவியின் ‘லெட்ஸ் டான்ஸ்’, 1983, அதுவும் ரொஜர்ஸ் தயாரித்தது. ஒஸ்ரேலியாவின் இன்எக்ஸ்எஸ் குழுவுக்கு அவர் செய்து கொடுத்த ‘ஒரிஜினல் சின்’. பவர் ஸ்டேஷனின் 1985 அல்பத்தில் டோனி தொம்சனின் றம்ஸ் இடி மாதிரி விழும், ‘நொட்டோரியஸ்’ இன் அடக்கமான றம்ஸோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். இரண்டிலும் பேஸ் ஜோன் டெய்லர்தான். ஒரே கை, றம்ஸ் மாறியதும் எப்படி மாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மேடை விசயம். ‘நொட்டோரியஸ்’ பாட்டை அப்படியே கோயில் திருவிழா மேடையில் பாடச் சொல்லமாட்டேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ உருத்திரபுரத்துத் திருவிழாவுக்கோ வருகிற சனம் தெரிந்த பாட்டைக் கேட்கத்தான் வருகிறது, அது அவர்களுடைய உரிமை. நடையைத்தான் எடுக்க வேண்டும். ஆனால் எங்கடை மேடைகளில் சனத்தை எழுப்பி ஆட வைப்பது பைலா. அது ‘தகிட தகிட’ என்று மூன்றாக உடைகிற நடை. அதற்குள் ஃபங்கைத் திணித்தால் இரண்டும் கெடும். அங்கே கை வைக்காதீர்கள். நாலு நடையில் போகிற சினிமாப் பாட்டுகளில் வையுங்கள். 1988 இல் வந்த ‘அக்னி நட்சத்திரம்’ படத்தின் ‘ராஜா ராஜாதி’ இதற்கு அச்சொட்டான பாட்டு. இளையராஜா அதில் ஃபங்க் நடையை நேராகவே கையாண்டிருக்கிறார். உங்கள் ஆட்களுக்கும் பாட்டு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

ஒத்திகையில் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் நீங்களும் ஒக்டபாட் (றம்ஸுக்குப் பதிலாக வாசிக்கிற மின்தாளப் பலகை) வாசிக்கிறவரும் மட்டும் இருங்கள். அவர் கால் அடியையும் இரண்டாம் நாலாம் அடியில் ஸ்னெயர் என்ற கூர்மையான றம் சத்தத்தையும் தவிர வேறொன்றும் வாசிக்கக் கூடாது, உருட்டல் வேண்டாம். நீங்கள் முதல் அடியில் மட்டும் ஒரு சுரம் வையுங்கள். மிச்சப் பதினைந்தையும் வாய்க்குள் ‘தகதிமி’ என்று எண்ணிக்கொண்டு சும்மா இருங்கள். அது ஆடாமல் நின்ற பிறகு இரண்டாவது சுரத்தை ‘தி’யில் வையுங்கள். பிறகு மூன்றாவது. வேகம் தானாக ஏறுகிறதா என்று போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கடை குழுக்களில் முக்கால்வாசிக்கு இதுதான் வியாதி: பாட்டு தொடங்கிய வேகத்தில் முடியாது. கீபோர்ட்காரரைக் கடைசியில் சேருங்கள். சேரும்போது இடது கையை மடியில் வைக்கச் சொல்லுங்கள். கீபோர்ட்டின் இடது கை பேஸின் இடத்தில்தான் விழும், இரண்டும் சேர்ந்தால் களிதான். இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், குழுவில் வயதில் மூத்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

நிகழ்ச்சியன்று சவுண்ட்ஸ்காரரிடம் பேஸைக் கூட்டச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். திறந்த வெளியில், பெரிய பொக்ஸ்களில், பேஸை முழுக்கத் திருகிவிட்டால் ஒரு சுரம் ஓயுமுன் அடுத்தது வந்து விழும். நீங்கள் விட்ட இடைவெளி எல்லாம் இரைச்சலால் நிரம்பிவிடும். நடுச்சுரத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கீழ்ச்சுரத்தை இறக்கினால் உங்கள் விரல் விழுகிற சத்தம் பின்வரிசைக்கும் துல்லியமாகப் போகும். நிகழ்ச்சி தொடங்க முதல் ஒக்டபாட்காரரையும் உங்களையும் மட்டும் வைத்து ஒரு சுற்று வாசித்து, மைதானத்தின் பின்பக்கம் ஓர் ஆளை நிறுத்திக் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒக்டபாட்காரரை உங்களுக்கு இடது பக்கத்தில், கால் தெரிகிற மாதிரி இருத்துங்கள். கிற்றாரின் கழுத்து நீளுகிற பக்கம் அதுதான் என்பதால், விரலைப் பார்க்கும்போதே அவருடைய காலும் கண்ணில் படும்.